பிணை நின்ற கடன் கழுத்துக்கு வருமுன் வீட்டில் எப்படிச் சொல்வது?

கல்லடியான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதை எழுதத் தொடங்கி மூன்று முறை அழித்துவிட்டேன், இன்றைக்கு எப்படியும் அனுப்புவது என்று இருக்கிறேன். எனக்கு 37 வயது, மட்டக்களப்பில் ஒரு அரச கந்தோரில் வேலை, கல்யாணம் முடித்து ஒன்பது வருடம், மகள் மூன்றாம் வகுப்பு.

2021 இல் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர் வீடு திருத்த எட்டு லட்சம் கடன் எடுத்தார், ஏழு வருடத்தில் கட்டி முடிக்கிற கடன். ஆள் பிணை இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவன் நான். எங்கள் கந்தோரில் இதைப் பெரிய விஷயமாக யாரும் எடுப்பதில்லை. இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவோம், படிவத்தின் பின்பக்கத்தை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. 2022 நெருக்கடி நேரம், அரச உத்தியோகத்தர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்ததே, அதில் அவர் போய்விட்டார். சம்பளத்தில் கழிந்துவந்த தவணை அத்தோடு நின்றது. அங்கிருந்து ஒன்றரை வருடம் போல ஒழுங்காக அனுப்பிக் கட்டினார், பிறகு அதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை.

வங்கியில் இருந்து ஆறு மாத நிலுவை 86,000 என்று எனக்குக் கடிதம் வந்தது. அந்த நேரம் நான் செய்த வேலைதான் இன்றைக்கு என்னைத் தின்கிறது. ஊரில் களவு கூடிவிட்டது, லொக்கரில் கொண்டுபோய் வையுங்கள் என்று மனைவி தன்னுடைய ஒரு சோடிக் காப்பை என்னிடம் தந்திருந்தாள், இரண்டு பவுண். அதை வேறொரு வங்கியில் 180,000 க்கு அடகு வைத்துவிட்டேன். அவர் எப்படியும் காசு அனுப்புவார், ஒரு மாதத்தில் மீட்டு லொக்கரில் வைத்துவிடலாம், அவளுக்குத் தெரியவே வராது என்று நினைத்தேன். நிலுவையைக் கட்டி, மிச்சத்தில் மாதம் 14,300 படி ஆறு மாதம் கட்டினேன், காசு முடிந்தது. அதற்குப் பிறகு நாலு மாதமாக ஒன்றும் கட்டவில்லை. அடகு வைத்தும் பத்து மாதம் ஆகிறது.

இந்த நாலு மாதத்தில் வந்த கடிதங்களை நான் திறக்கவே இல்லை. மோட்டார் சைக்கிள் சீட்டைத் தூக்கினால் அதற்குக் கீழே நாலு கடித உறை இருக்கிறது, ஒன்று மழையில் நனைந்து டூல்ஸ் பையோடு ஒட்டிக் கிடக்கிறது, அதைப் பார்க்கப் பயந்து பெற்றோல் அடிக்கும்போதுகூட வேறு பக்கம் பார்க்கிறேன். கந்தோர் முடிந்தால் நேரே வீட்டுக்குப் போவதில்லை, கடற்கரையில் எட்டு மணி வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன். போன கிழமை மகள் ஒரு படம் கீறிக்கொண்டு வந்து காட்டினாள், நான் கத்தின கத்தில் அவள் அதைக் கசக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆவணியில் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். காப்பை எடுத்துவந்தால் மெருகு போடக் கொடுக்கலாம் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

எங்கே தொடங்குவது, அவளிடம் என்னவென்று சொல்வது, இல்லை சொல்லாமலே எங்காவது காசு புரட்டி மீட்டுவிடுவதா? பிந்திவிட்டதா என்றும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


களுவாஞ்சிக்குடி பென்ஷனியர் எழுதியது:

தம்பி, முப்பத்தொரு வருடம் வங்கியில் இருந்து ஓய்வெடுத்தவன் நான், அதில் பாதிக் காலம் கடன் பிரிவு. உங்கள் கதையை எத்தனை பேர் என் மேசைக்கு முன்னால் இருந்து சொல்லியிருக்கிறார்கள் என்று கணக்கில்லை, பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகு வந்துதான் சொல்வார்கள். நீங்கள் பிந்தவில்லை. நாலு மாதம் என்பது கெட்ட நிலை, ஆனால் கைவிட்டுப் போன நிலை இல்லை.

இன்றைக்கே போய் அந்த நாலு உறையையும் திறவுங்கள். தேதியைப் பாருங்கள், எந்த வங்கி, எவ்வளவு, எந்தத் தேதிக்கு முன் என்று ஒரு கொப்பித்தாளில் எழுதுங்கள். திறக்காத கடிதத்தில் இருக்கிற தொகை ஒவ்வொரு இரவும் கூடிக்கொண்டுதான் போகும், மனசுக்குள்ளே. திறந்து பார்த்தால் அது ஒரு இலக்கம், அவ்வளவுதான், அதைக் கூட்டலாம் கழிக்கலாம்.

வங்கிக்குள் என்ன நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாததால்தான் பயம். மூன்று மாதம், தொண்ணூறு நாள் தாண்டினால் ஒரு கடனைச் செயற்படாக் கடன் என்று வேறாக வைப்பார்கள். அதற்குப் பிறகு கிளை மனேஜரின் கையில் இருக்கிற நெகிழ்வு குறையும், மேலிடம் கேட்கத் தொடங்கும், சட்டப் பிரிவில் இருந்து கோரிக்கைக் கடிதம் போகும், பிறகு நீதிமன்றம். ஒவ்வொரு படியிலும் செலவு ஏறும், அந்தச் செலவும் கடைசியில் கடனோடுதான் சேரும். அதனால் மனேஜர் உங்களைக் கூப்பிடுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு இராமல் நீங்களாகப் போங்கள். தானாக வருகிற பிணையாளியை நாங்கள் வேறு கண்ணால்தான் பார்ப்போம், இது நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்வதில்லை. ஒளிகிறவனுக்கு என்ன சலுகை கொடுக்கலாம் என்று எந்த மனேஜராலும் மேலிடத்துக்கு எழுத முடியாது.

போகும்போது கடனின் முழுக் கூற்று ஒன்று கேட்டு வாங்குங்கள், நீங்கள் கட்டின ஒவ்வொரு சதமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நிலுவையை ஆறு, எட்டு மாதத்துக்குப் பிரித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள், கொடுத்த கடிதத்தின் பிரதியில் முத்திரையும் தேதியும் அடித்து வாங்குங்கள். கட்டும்போது பற்றுச்சீட்டில் பிணையாளி செலுத்தியது என்று எழுதச் சொல்லுங்கள், பின்னால் அந்த மனிதரிடம் காசைத் திருப்பிக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு, அதற்கு அந்தத் துண்டுதான் சாட்சி. சம்பளத்தில் கழிவு போட்டுத்தான் கட்ட வேண்டும் என்றால் அதில் நாற்பது சதவீதமாவது கைக்கு மிஞ்ச வேண்டும், அதை உங்கள் கந்தோரின் கணக்குக் கிளையில் முதலே கதைத்து வையுங்கள். இன்னொன்று, எல்லா வங்கியும் பார்க்கிற கிரிப் என்ற கடன் தகவல் பதிவில் பிணை நின்ற கடனும் உங்கள் பெயரில் தெரியும், நாளைக்கு நீங்கள் ஒரு வீட்டுக்கடனுக்குப் போனால் அது முன்னால் வந்து நிற்கும்.

இரண்டாவது பிணையாளி எங்கே? நீங்கள் எழுதினதில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.


ஊறணி மச்சான் எழுதியது:

அண்ணன், நான் ஒன்று சொல்றேன் கோவிக்க வேண்டாம். மனைவிக்குச் சொல்லாதீங்க. கல்யாண வீட்டுக்கு முன்னால் சொன்னால் குடும்பம் முழுக்கத் தெரியும், மானம் போகும். ஒரு சீட்டில் சேர்ந்து, கழிவு எவ்வளவு போனாலும் முதல் ஏலத்திலேயே எடுங்கள், இல்லையென்றால் தெரிந்தவரிடம் வட்டிக்கு இரண்டு லட்சம் எடுத்துக் காப்பை மீட்டு அவள் கையில் கொடுங்கள், வேலை முடிந்தது. கடனை மெல்ல மெல்லக் கட்டலாம்.


திருக்கோவில் டீச்சர் எழுதியது:

தம்பி ஊறணி, நீங்கள் நல்ல மனதோடு சொல்கிறீர்கள் என்று தெரிகிறது, ஆனாலும் இதைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள். வட்டிக்கு எடுத்து அடகை மீட்டால் ஒரு கடன் இரண்டாகிறது, ஒரு பொய்யும் இரண்டாகிறது. முதல் ஏலத்திலேயே சீட்டை எடுத்தால் எவ்வளவு கழிவு போகும் என்றும் யோசியுங்கள், எடுத்த பிறகு முடியும்வரை மாதா மாதம் கட்டவும் வேண்டும். இப்போது 14,300 கட்ட முடியாமல் இருக்கிறவரை இன்னும் ஒரு தவணைக்குள் தள்ளுகிறீர்கள்.

கல்லடித் தம்பிக்கு நான் மனைவியின் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். என் கணவரும் இப்படி ஒரு கடனை ஒளித்தவர்தான், லொறி லீசிங். அவர் எனக்குச் சொன்னார், ஆனால் பாதியைச் சொன்னார். முதலில் இரண்டு லட்சம் என்றார். நான் அழுதேன், பிறகு சரி பார்ப்போம் என்று என் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து இன்னும் ஒரு மூன்று இருக்கிறது என்றார். அதற்கும் நகை போனது. மூன்றாம் தரம் வந்து அவர் வாயைத் திறந்தபோது தொகையை நான் கேட்கவேயில்லை, இன்னும் எத்தனை இருக்கிறது என்றுதான் கேட்டேன். அந்தக் கேள்வி எங்கள் வீட்டைவிட்டுப் போக நாலு வருடம் எடுத்தது. கடன் அதற்கு முதலே முடிந்துவிட்டது.

அதனால் சொல்வதென்றால் முழுவதையும் ஒரே இருப்பில் சொல்லுங்கள். பென்ஷனியர் ஐயா சொன்ன அந்தத் தாளை எழுதி முடித்துவிட்டுச் சொல்லுங்கள், அவள் கையில் அந்தத் தாளைக் கொடுங்கள். காப்பைப் பற்றி முதலில் சொல்லுங்கள், பிணையைப் பற்றிப் பிறகு. நாம் பொதுவாக மற்றவன் செய்த பிழையை முதலில் சொல்லி நம் பிழையைக் கடைசியில் மெதுவாகச் செருகுவோம், கேட்கிறவளுக்கு அது உடனே விளங்கும். படுக்கப் போகும் நேரம் சொல்ல வேண்டாம், இரவு முழுக்க அவள் தனியே கிடந்து யோசிப்பாள், காலையில் பிள்ளையையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். உங்கள் அம்மாவையோ அக்காவையோ வைத்துச் சொல்லவும் வேண்டாம். ஒரு சனிக்கிழமைக் காலை, பிள்ளை வெளியே விளையாடுகிற நேரம் பாருங்கள். சேலை எடுக்க, அட்டை அடிக்க என்று ஓடத் தொடங்குவதற்கு முதல் சொல்லுங்கள், கல்யாண வீட்டுக்கு முதல் நாள் தெரிய வந்தால் அவளுக்கு யோசிக்கவும் வழியில்லை, தன் வீட்டாரிடம் வேறு ஒரு காரணம் சொல்லவும் வழியில்லை.

கோபப்படுவாள். கதைக்காமல் இருப்பாள். அதை நீங்கள் தாங்கத்தான் வேண்டும், இரண்டு நாளில் சமாதானமாகிவிடு என்று அவளிடம் கேட்கக்கூடாது.

மகளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?


கல்லடியான் எழுதியது:

ஐயா, டீச்சர் அக்கா, நன்றி. நேற்று இரவு கந்தோருக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் வைத்து நாலையும் திறந்தேன். கை நடுங்கினது உண்மை.

நாலில் ஒன்று என்னுடைய சேமிப்புக் கணக்குக்கு வந்தது, ஏடிஎம் அட்டை முடிகிறது, வந்து புது அட்டை எடு என்று. அதற்காகவும் நான் ஒரு மாதம் பயந்திருக்கிறேன். நனைந்துபோனதுதான் முக்கியமானது, மை கரைந்திருந்தாலும் வாசிக்க முடிந்தது: கடன் கொடுத்த வங்கி, வந்து கதைக்கும்படி ஒரு தேதி கொடுத்திருந்தது, அது மூன்று கிழமைக்கு முன் கடந்துவிட்டது. இன்னொன்றும் அந்த வங்கிதான், நிலுவை 57,200. கடைசியாக வந்தது அடகு வைத்த இடத்தில் இருந்து, இன்னும் ஆறு கிழமைக்குள் மீட்க வேண்டும், அல்லது வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஏலம்.

தாளில் எழுதிப் பார்த்தேன். மொத்தம் நான் மனசுக்குள் வைத்திருந்ததைவிடக் குறைவு. உடனே கட்ட வேண்டியது நிலுவையும் அடகு வட்டியும் மட்டும்தான். மகளிடம் கேட்டுவிட்டேன் அக்கா. சரி என்று சொன்னாள், படத்தை இன்னும் காட்டவில்லை.

மற்றப் பிணையாளி வாகரைப் பக்கம் மாற்றலாகிப் போனவர். அவரோடு நான் ஒரு வருடமாகக் கதைக்கவில்லை. ஏன் கதைக்கவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.


படுவான்கரையான் எழுதியது:

தம்பி, எனக்கு வங்கி கிங்கி தெரியாது, வயல்காரன். நீங்கள் எழுதினதை வாசித்ததும் எனக்கு மாரி காலம்தான் ஞாபகம் வந்தது. மழை விடாமல் கொட்டி உன்னிச்சையிலும் நவகிரியிலும் வான்கதவு திறந்தால் எங்கள் பக்கத்துத் தண்ணி எல்லாம் வாவிக்குள் இறங்கும், வாவி நிரம்பினால் திரும்ப எங்கள் வயல் வட்டைக்குள் ஏறும். குடலைப் பருவத்தில் நெல் நாலு நாள் மூழ்கிக் கிடந்தால் அந்தப் போகம் போச்சு. அதற்குத்தான் முகத்துவாரம், வாவி கடலோடு சேருகிற இடத்தை அடைத்திருக்கிற மணலை, வெட்டச் சொல்லிக் கேட்பது. மீன் பிடிக்கிற ஆக்களுக்கு வேறு யோசனை இருக்கும், அதுவும் நியாயம்தான், அதனால் இப்ப வெட்டுவதா நாளைக்கு வெட்டுவதா என்று இழுபடும், இழுபடுகிற ஒவ்வொரு நாளும் வரம்பு தெரியாமல் போகும்.

வெட்டுகிறதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? முந்தி மண்வெட்டி, இப்ப மெசின். ஆனால் முழு மணலையும் யாரும் அள்ளுவதில்லை. குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால்தான் எடுப்பார்கள், முதலில் தண்ணி கணுக்கால் அளவுக்கு மெல்லப் போகும், இது என்னத்துக்குக் காணும் என்று நினைப்போம், மறுகா தண்ணியே இரண்டு பக்கமும் மண்ணை அறுத்துக்கொண்டு தன் வழியை அகலமாக்கும், விடிந்து பார்த்தால் ஆறு மாதிரி ஓடும். நீங்கள் அந்த உறையைத் திறந்தது அந்த வாய்க்கால்தான் மனே. இனி வாகரைக்காரரோடு கதையுங்கள், அடுத்தது வீட்டில். நிற்பாட்டிவிடாதீர்கள், பாதியில் விட்டால் அலை திரும்ப மணலைப் போட்டு மூடிவிடும்.

நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். உழவு மெசின் கடன், இரண்டு போகம் பிழைத்துப்போக, வயல் காரியம் பார்க்கிற வட்டவிதானைக்கும் சொல்லாமல் தம்பிமாருக்கும் சொல்லாமல் இருந்தேன். சொல்லியிருந்தால் மாட்டை நல்ல விலைக்கு, நல்ல நேரத்தில் விற்றிருக்கலாம். கடைசியில் அவசரத்துக்கு விற்றேன், அவசரக்காரன் என்று தெரிந்தால் வாங்குகிறவன் என்ன விலை சொல்வான் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.


கல்முனை நேர்ஸ் எழுதியது:

எல்லோரும் காசைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், நான் நித்திரையைப் பற்றிக் கேட்கிறேன். அண்ணா, இரவில் நித்திரை வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா? எட்டு மணி வரை கடற்கரையில் தனியே இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள், அதுதான் கேட்கிறேன். இனி இருந்து என்ன பயன் என்ற மாதிரி ஒரு நினைப்பு ஒரு தரம் வந்திருந்தாலும் அதை ஒளிக்க வேண்டாம். 1926 என்று ஒரு இலக்கம் இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி, இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போவதற்குப் பைத்தியமாக இருக்க வேண்டும் என்றில்லை. வார்டில் நான் பார்க்கிற ஆட்களில் கடனால் வந்தவர்கள் குறைவில்லை, இரண்டு கிழமை நித்திரை இல்லாமல் இருக்கும்போது வந்திருந்தால் கதைத்தே சரிபண்ணியிருக்கலாம் என்று நினைக்க வைத்தவர்கள் அவர்கள்.


அக்கரைப்பற்று மத்தியஸ்தர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் எங்கள் ஊர் மத்தியஸ்த சபையில் இருக்கிறேன், முன்பு பாடசாலை அதிபர். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சபைகள் இவை, பழைய ஆட்கள் இணக்க சபை என்று சொல்வார்கள். நாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, இரண்டு தரப்பையும் ஒரு மேசையில் இருத்திக் கதைக்க வைக்கிறோம், மூன்று மத்தியஸ்தர்கள் இருப்போம், சட்டத்தரணிகள் வந்து வாதாட முடியாது. தம்பி அந்த நண்பருக்காகக் கட்டிய காசை அவரிடம் திருப்பிக் கேட்கிற விஷயம் நாளைக்குப் பெரிதானால் இங்கே கொண்டுவரலாம். அவர் வெளிநாட்டில் இருக்கும்வரை அழைப்பு அனுப்பிப் பிரயோசனம் குறைவு. ஆனால் அவருக்கு இங்கே தாய் தகப்பன், மனைவி பிள்ளைகள் இல்லையா? அவர்களிடம் நேரே போங்கள். சண்டைக்குப் போகாதீர்கள், அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் பதில் சொல்லாத மனிதன் தாய் கேட்டால் பதில் சொல்வான்.

ஒரு விஷயம் என் மனதில் எப்போதும் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். ஒரு முறை எங்கள் முன் அண்ணனும் தம்பியும் வந்தார்கள், வேலிப் பிரச்சினை. வேலி ஒரு முழம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் சங்கதி, அளந்து பார்த்தால் ஒரு தென்னைக்குக்கூடக் காணாத நிலம். ஆனால் பதினொரு வருடம் பேசவில்லை. இடையில் தாய் மௌத்தானபோது ஒருவர் முன் வாசலாலும் மற்றவர் பின் வாசலாலும் வந்து போயிருக்கிறார்கள். முதல் வருடம் யாராவது ஒருவர் போய்த் தம்பி, அந்தக் கதியாலைக் கொஞ்சம் தள்ளி நடுவோமா என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும் என்று தம்பிக்காரர் எங்கள் முன்னாலேயே சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றார். அன்றைக்குச் சமாதானமாகிக் கையெழுத்தும் போட்டார்கள், எங்களில் ஒருவரும் சந்தோசமாக வீட்டுக்குப் போகவில்லை.

தம்பி நீங்கள் வாகரைக்கு இன்றைக்கே போன் எடுங்கள்.


ஊறணி மச்சான் எழுதியது:

டீச்சர் அக்கா சொன்னதை யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னது பிழை. என் வீட்டிலும் ஒரு சீட்டு விஷயம் மனைவிக்குத் தெரியாமல் இருக்கிறது, அதனால்தான் அப்படி எழுதினேன் போல. அண்ணன், எப்படிப் போனது என்று கட்டாயம் எழுதுங்கள்.


கல்லடியான் எழுதியது:

எல்லோருக்கும், பதினாறு நாளுக்குப் பிறகு எழுதுகிறேன்.

வாகரைக்குப் போன் எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார், என் குரலைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார், பிறகு சொன்னார், உன் முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்தது, நீதான் கட்டுகிறாய் என்று வங்கியில் சொன்னார்கள், அதனால் ஒளிந்திருந்தேன் என்று. அவருக்கும் கடிதம் போயிருக்கிறது. அவரும் வீட்டில் சொல்லவில்லை, கடிதங்களைக் கந்தோர் லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். ஒரே கடனுக்காக இரண்டு பேரும் ஒரு வருடம் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம். நிலுவையில் பாதி நான், பாதி அவர் என்று அன்றைக்கே முடிவானது.

மனைவியிடம் சனிக்கிழமை காலை சொன்னேன், டீச்சர் அக்கா சொன்னபடி காப்பில் இருந்து தொடங்கினேன். நான் எதிர்பார்த்த மாதிரி கத்தவில்லை. தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்தாள், விரலை வைத்து ஒவ்வொரு வரியாக. வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டாள், இப்படி எழுதிக் கேட்டேன் என்று சொன்னேன், போனை வாங்கி நீங்கள் எல்லோரும் எழுதியதையும் வாசித்தாள். பிறகு எழும்பி மீன் வெட்டப் போய்விட்டாள். ஐந்து நாள் தேவைக்கு மட்டும்தான் கதைத்தாள், மகளோடு மற்ற அறையில் படுத்தாள். கல்முனைத் தங்கச்சி கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும், நித்திரை வரவில்லைதான், ஆனால் அது வேறு மாதிரி. கடற்கரைக்குப் போகாமல் வீட்டுத் திண்ணையில் இருந்தேன். ஒரு இரவு 1926 க்கு எடுத்துப் பதினைந்து நிமிடம் போலக் கதைத்தேன், கேட்டதற்கு நன்றி.

ஆறாம் நாள் காலை, வங்கிக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். இரண்டு பேரும் போனோம், வாகரைக்காரரும் லீவு போட்டு வந்தார். மனேஜர் எங்களை இருக்கச் சொன்னார். ஒரு மாதத் தவணையை அன்றே கட்டினோம், மிச்ச நிலுவையை ஆறு மாதத்துக்குப் பிரித்து எழுதித் தந்தார், பென்ஷனியர் ஐயா சொன்னபடி பிரதியில் முத்திரை வாங்கினேன். அடகுக்கு வட்டியைக் கட்டி இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தோம். காப்பு ஆவணிக்கு இல்லை. அதை அவள் தானே தங்கைக்குப் போனில் சொன்னாள், நான் பக்கத்தில் நின்றேன், என்ன சொல்வாளோ என்று இருந்தது, அடகில் இருக்கிறது, அடுத்த வருடம் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அடகுத் துண்டு இப்போது அவளுடைய கைப்பையில் இருக்கிறது. வங்கி வாசலில் என் கையில் இருந்து எடுத்து வைத்துக்கொண்டாள், நான் கேட்கவில்லை.

ஊறணித் தம்பி, நீங்களும் சொல்லிவிடுங்கள்.

வருகிற சனிக்கிழமை நானும் வாகரைக்காரரும் ஆரையம்பதிக்கு அந்த நண்பரின் அம்மா வீட்டுக்குப் போகிறோம். மனைவியும் வருகிறேன் என்கிறாள். என்ன நடந்தது என்று ஞாயிறு எழுதுகிறேன்.